அப்பாவின் நாயகனும் கடன் வாங்கிய காட்சிகளும்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, நான் திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா ‘நாயகன்’ படத்தைப் போட்டு, எல்லோரையும் கூட இருத்தி வைத்துப் பார்ப்பார். உலகத்தில் இதற்கு நிகரான படம் இல்லை என்பது அவருடைய முடிவு. இம்முறை பரீட்சை முடிந்த ஓய்வில் ‘தி கோட்பாதர்’ படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் பார்த்தேன். பார்த்து முடித்தபோது எனக்கு ஏமாற்றமாகவும் கோபமாகவும் இருந்தது. காட்சிக்குக் காட்சி அங்கே இருக்கிறது. “அப்பா, நீங்கள் கொண்டாடுவது வெறும் கொப்பி” என்று சொன்னேன்; எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று கொப்பியில் எழுதியும் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். இரண்டு கிழமையாக எங்கள் இருவருக்கும் இடையில் படம் பற்றிய பேச்சே இல்லை. நான் சொன்னது பிழையா? பழைய படங்களிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொண்ட ஒரு படத்தைத் தகுதிக்கு மீறிப் புகழ்கிறார்கள் என்று சொல்லக் கூடாதா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் படத்தொகுப்பு மேசையில் இருந்துகொண்டு, மற்றவர்கள் எடுத்த காட்சிகளை வெட்டியும் ஒட்டியும் வாழ்பவன் என்ற முறையில், உங்கள் பட்டியலில் நான் மறுக்கக்கூடியது எதுவும் இல்லை. தகப்பனைக் கொன்றவர்களிடமிருந்து தப்பி, மொழி தெரியாத பெருநகரத்தில் வந்து இறங்கும் சிறுவனை 1974இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாம் முன்பே கண்டிருக்கிறோம். சட்டத்திடம் கிடைக்காத நீதியைக் கேட்டு, மகளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லி, ஒரு தகப்பன் நிழல் உலகத் தலைவரின் முன்னால் வந்து நிற்பதுதான் 1972இல் வந்த முதல் பாகத்தின் தொடக்கக் காட்சி. சடங்கும் கொலையும் மாறி மாறி வரும் பகுதியும், மகனின் உடல் தகப்பனின் முன்னால் கிடத்தப்படும் காட்சியும் அங்கிருந்துதான் வந்தன. இவற்றை இல்லை என்று வாதிடுபவர்கள் ‘நாயகன்’ படத்துக்கு நன்மை செய்வதாக நான் நினைக்கவில்லை. எதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்த பின்னும் நிற்கக்கூடிய படமா என்று பார்ப்பதுதான் அந்தப் படத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எடுத்தார்களா என்பது ஒன்று. எடுத்ததனால் படத்தின் மதிப்புக் குறைகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு நீங்கள் சான்றுகளோடு விடை கண்டுவிட்டீர்கள். அந்த விடையையே இரண்டாவது கேள்விக்கும் விடையாக வைத்துவிட்டீர்கள் என்பதுதான் என் கருத்து வேறுபாடு.

நீங்கள் மூலம் என்று கருதும் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1969இல் வெளிவந்த மாரியோ பூசோவின் நாவலிலிருந்து உருவானது. அந்தப் படத்தின் இசைக்காக நீனோ ரோட்டா ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டார். பிறகு, அதே மெட்டை 1958இல் வந்த ஓர் இத்தாலியப் படத்தில் அவரே பயன்படுத்தியிருந்தார் என்பது தெரியவந்து, அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. நம் காதில் இன்றைக்கும் ஒலிக்கும் அந்த மெட்டு, தன்னிடமிருந்தே தான் வாங்கிய கடன். வெவ்வேறு இடங்களில் நடப்பவற்றை மாற்றி மாற்றிக் காட்டிப் பார்வையாளரின் மனத்தில் மூன்றாவது பொருள் ஒன்றை எழுப்பும் உத்தியும் 1972இல் பிறந்ததல்ல, 1916இலேயே அமெரிக்க இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித், வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த நான்கு கதைகளை ஒரே படத்தில் அப்படிப் பின்னியிருக்கிறார். எல்லோரும் எடுக்கிறார்கள், ஆகவே யாரையும் கேட்காதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எடுத்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கேள்வி எங்கேயும் போய் முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதை அளப்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்த நன்னூல், வழிநூலுக்கு இலக்கணம் சொல்லும்போது, “முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி அழியா மரபினது வழிநூ லாகும்” என்கிறது. முன்னவருடைய நூலோடு ஒத்துப் போவது குற்றமாக அங்கே சொல்லப்படவில்லை. பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய விகற்பத்தை, அதாவது வேறுபாட்டை, அதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வான்மீகியின் கதையில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவள் இருந்த குடிலை நிலத்தோடு பெயர்த்து எடுக்கிறான். கதை ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் சீதையின் நிலையும் இராவணனின் நிலையும் மாறுகின்றன. பின்னால் வரும் அசோகவனக் காட்சிகளை நாம் படிக்கும் விதமும் மாறுகிறது. கம்பன் கொப்பி அடித்தான் என்று பள்ளிக்கூடத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆகவே நீங்கள் எழுதிய பட்டியலின் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் நேரே விகற்பம் என்ன என்று எழுதிப் பார்க்கும்படி கேட்கிறேன். நான் எழுதிப் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் அது படத்துக்குச் சாதகமாக அமையவில்லை.

முதலில் என் தொழிலுக்கு நெருக்கமானதை எடுத்துக்கொள்கிறேன். ‘தி கோட்பாதர்’ படத்தில் நிழல் உலகத் தலைவரின் இளைய மகன் மைக்கேல், தன் தங்கையின் குழந்தைக்கு ஞானத் தகப்பனாகத் தேவாலயத்தில் நிற்கிறான். பாதிரியார் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் கேட்கிறார். சாத்தானைத் துறக்கிறாயா என்ற கேள்விக்கு அவன் துறக்கிறேன் என்கிறான். அந்தச் சொல் முடியும் இடத்தில் வெட்டு விழுந்து, மின்தூக்கியின் வாசலில், சுழலும் கதவுக்குள், நீதிமன்றப் படிக்கட்டில் என்று அவன் ஏவிய கொலைகள் நடக்கின்றன. தேவாலயத்தின் ஓர்கன் இசை கொலைகளின் மீதும் நிற்காமல் ஓடுகிறது. இங்கே ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாய் சொல்வதைக் கை பொய்யாக்குகிறது. இரண்டு காட்சிகளில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வெறும் ஞானஸ்நானமாகவோ வெறும் கொலையாகவோ போய்விடும். அந்தக் குழந்தையின் சொந்தத் தகப்பனையும் அன்றைக்கே அவன் கொல்லப்போகிறான் என்பது தெரியவரும்போது, சடங்கு முழுவதும் பொய் என்ற உணர்வு நம் வயிற்றில் இறங்குகிறது.

‘நாயகன்’ படத்தில் மனைவி நீலாவை எதிரிகள் கொன்ற பிறகு, அவளுக்கான கிரியையும் பழிவாங்கலும் அடுத்தடுத்து வருகின்றன. வேலு நாயக்கரின் துக்கம் உண்மையானது. கொலைகளும் அதே துக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன. ஆக, சடங்குக்கும் கொலைக்கும் இடையே முரண் இல்லை. இரண்டும் ஒரே திசையில் ஓடுகின்றன. முரண் இல்லாத இடத்தில் மாற்றி மாற்றி வெட்டுவது வேகத்தைத் தரும், அழகையும் தரும், புதுப் பொருளைத் தராது. கொலையையே கிரியையின் ஒரு பகுதியாக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி அதைக் காப்பாற்ற ஒரு காலத்தில் நானும் முயன்றேன். பலமுறை பார்த்த பின் அப்படி என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பகுதியில் உத்தி வந்து சேர்ந்திருக்கிறது, அந்த உத்தியை வேண்டி நின்ற காரணம் வந்து சேரவில்லை.

பிரெட்றிக் கோட்டையின் வாசலைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு எத்தனையோ தடவை நடந்திருப்பீர்கள். அந்த வாசற் கல்லில் இணைக்கயல் பொறிப்பையும், குளக்கோட்டன் திருப்பணியைப் பற்றிய எழுத்தையும் பார்த்திருப்பீர்கள். 1622இல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கல் கோட்டையின் சுவரைத் தாங்கத்தான் செய்கிறது. ஆனால் நானூறு ஆண்டுகள் ஆன பின்பும் அது கோட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோவிலைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் சொன்ன கொலைப் பகுதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். முதிய வேலுவின் தணிந்த, கரகரத்த குரலிலும் சில கையசைவுகளிலும், ‘தி கோட்பாதர்’ படத்தில் அந்தத் தலைவராக நடித்த மார்லன் பிராண்டோ எட்டிப் பார்க்கும் இடங்களும் அப்படித்தான். அந்த இடங்களைக் காட்டி நீங்கள் கொப்பி என்று சொல்லியிருந்தால், உங்கள் பக்கத்தில் நானும் நின்றிருப்பேன்.

மகனின் உடல் வரும் காட்சி வேறு. ‘தி கோட்பாதர்’ படத்தை இயக்கிய கொப்போலாவின் கதையில் மூத்த மகன் சொனி சுங்கச் சாவடியில் துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்படுகிறான். தகப்பன் அவனுடைய உடலைப் பார்ப்பது, ஈமக்காரியம் செய்பவரின் நிலவறையில். தொடக்கக் காட்சியில் மகளுக்கு நீதி கேட்டு வந்தவர்தான் அந்த மனிதர். அன்றைக்குப் பெற்ற உதவிக்குக் கைம்மாறாக, தாய் பார்க்கக்கூடிய அளவுக்கு அந்த உடலைச் சீர்செய்து தரும்படி கேட்கப்படுகிறார். அங்கே துக்கம் கூடக் கொடுக்கல் வாங்கலின் கணக்குக்குள்தான் நிற்கிறது. பிராண்டோ அழுகையை அடக்குகிறார். முகத்தில் ஒரு தசை அசைவதைத்தான் நாம் பார்க்கிறோம். ‘நாயகன்’ படத்தில் சூர்யாவின் உடல் வீட்டுக்கு வருகிறது. கணக்கு இல்லை, கைம்மாறு இல்லை. வேலு துணியை விலக்கிப் பார்க்கிறார். அதற்குப் பிறகு வரும் அழுகையை இன்றைக்கும் மேடைகளில் பலர் போலச் செய்கிறார்கள் என்பதனால், அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பது நமக்குக் கடினமாகிவிட்டது. ஒருமுறை ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்கள். செத்தவீட்டில், எல்லோரும் அழுது ஓய்ந்த பின்பு, மூத்த ஆண் ஒருவர் தனியாக உடைந்து போகும்போது வரும் சத்தம் அது. அழுகையை அடக்கத் தெரிந்த பண்பாடு ஒன்று எடுத்த காட்சி, அழுகையை வாய்விட்டுப் பாடத் தெரிந்த பண்பாட்டின் வீட்டுக்குள் வந்திருக்கிறது. இதுவே விகற்பம்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் முக்கியமானது. ‘தி கோட்பாதர்’ படத்தின் கடைசிக் காட்சியில் மைக்கேலின் மனைவி உண்மையைக் கேட்கிறாள்; அவன் பொய் சொல்கிறான்; அவனுடைய ஆட்கள் அவளுடைய முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள். மிகச் சிறந்த முடிவு அது. ஆனால் அங்கே கதவு ஆண்களின் கையில் இருக்கிறது. பெண் வெளியே நிறுத்தப்படுகிறாள். ‘நாயகன்’ படத்தில் கேள்வி கேட்பது மகள் சாரு. அவளுக்குப் பொய் சொல்லப்படவில்லை. வன்முறையை ஏன் நிறுத்த மாட்டீர்கள் என்று அவள் கேட்கும்போது, தன் தகப்பனைக் கொன்றவர்களிலிருந்து தொடங்கி, அவர்களையெல்லாம் முதலில் நிறுத்தச் சொல், நான் நிறுத்துகிறேன் என்று தகப்பன் தன் வாழ்க்கையையே வாதமாக முன்வைக்கிறார். நல்ல வாதம், கேட்பவர் கண் கலங்கக்கூடிய வாதம். ஆனாலும் சாரு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சகோதரனை இழந்த பின் அவளாகவே வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பின்னால், தன் தகப்பனைத் தேடும் பொலிஸ் அதிகாரியின் மனைவியாக அவளைக் காண்கிறோம். அங்கே சாத்தப்பட்ட கதவை இங்கே ஒரு பெண் திறந்துகொண்டு போகிறாள். மைக்கேலின் மனைவியிடம் இல்லாத வலிமை சாருவிடம் இருக்கிறது, ஏனென்றால் அவளுடைய கேள்வி படத்தின் கடைசி வரை வேலுவைத் துரத்துகிறது. அந்த முதல் பாகத்தில் இதற்கு மூலம் கிடையாது.

முழுக்க முழுக்க எங்கிருந்தும் வராத ஒரு காட்சியையும் சொல்ல வேண்டும். உங்கள் பட்டியலில் அது இல்லை, இருக்கவும் முடியாது. இளம் வேலுவை நண்பன் விபசார விடுதிக்குக் கூட்டிப் போகிறான். அறைக்குள் ஒரு பெண், கிட்டத்தட்டப் பள்ளிப் பிள்ளை. தன்னைச் சீக்கிரம் விட்டுவிட முடியுமா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது என்று கேட்கிறாள். அந்த ஒரு வரியில் அந்தப் பெண்ணின் முழு வாழ்க்கையும் வந்துவிடுகிறது: அவள் இன்னும் பரீட்சையை நம்புகிறாள் என்பதும், நாளைக்கு விடியும் என்று நம்புகிறாள் என்பதும், இந்த அறையையும் வகுப்பறையையும் ஒரே நாளுக்குள் வைத்து வாழப் பழகியிருக்கிறாள் என்பதும். சரண்யாவுக்கு அதுதான் முதல் படம். சொல்லை அழுத்தாமல், இரக்கம் கேட்காமல், ஒரு சின்ன வசதி கேட்பதுபோல அவர் அதைச் சொல்கிறார். பரீட்சை எழுதிவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கும் நீங்கள், அந்தக் காட்சியை எப்படித் தாண்டிப் போனீர்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. பட்டியல் போட்டுக்கொண்டு பார்க்கும்போது பட்டியலில் அடங்குபவை மட்டுமே கண்ணில் படும். எனக்கும் இது நடந்திருக்கிறது.

முடிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பேரன், நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். தெரியவில்லையே என்கிறார் வேலு. நீதிமன்றம் அவரை விடுவிக்கிறது. ஆனால் வெளியே வரும்போது அவர் கொன்ற பொலிஸ்காரரின் மகன், அவரே பார்த்துப் பராமரித்து வளர்த்த அந்த மனவளர்ச்சி குன்றிய மகன், அவரைச் சுடுகிறான். ‘தி கோட்பாதர்’ படத்தின் தலைவர் வீட்டோ கோர்லியோனே தோட்டத்தில் பேரனோடு விளையாடும்போது இயற்கையாக இறந்து போகிறார். படம் அவரை மன்னித்துவிடுகிறது என்றே நான் வாசிக்கிறேன். ‘நாயகன்’ மன்னிக்கவில்லை; தண்டிக்கவும் அவசரப்படவில்லை. எந்தத் தவறுக்காக அவர் ஆண்டாண்டாகப் பரிகாரம் செய்துவந்தாரோ அந்தத் தவறே வந்து சுடுகிறது.

அப்படியானால் புகழ்ச்சி மிகையா? படத்தையும் புகழ்ச்சியையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். ‘நாயகன்’ மூன்று தேசிய விருதுகளைப் பெற்றது: நடிப்புக்காகக் கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்காகப் பி. சி. ஸ்ரீராம், கலை இயக்கத்துக்காகத் தோட்டா தரணி. மூன்றும் ஆக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டவை. கதையைப் புதிதாகக் கண்டதற்காகக் கொடுக்கப்பட்ட விருது அவற்றுள் இல்லை. அந்த நடுவர்கள் எதைக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாவிட்டாலும், முடிவு நியாயமானது என்று நினைக்கிறேன். 2005இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் தொகுத்த நூறு சிறந்த படங்களின் வரிசையிலும் ‘நாயகன்’ இடம்பெற்றது. அந்த வரிசையைச் சொல்லியே பலர் வாதத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள். வரிசைகள் எதையும் நிரூபிப்பதில்லை, உங்கள் கொப்பியில் இருக்கும் வரிசை உட்பட. மணிரத்னத்தின் படத்துக்கு நிகரே இல்லை, அதுபோல எவரும் முன்பு எடுத்ததில்லை என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். அந்தப் புகழ்ச்சி அளவு மீறியது. வெளியிலிருந்து வந்த எலும்புக்கூட்டின் மேல் தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு மனிதனின் இரத்தத்தையும் சதையையும் வைத்த படம் என்று சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை. பம்பாய் நிழல் உலகில் தலைவராக இருந்த வரதராஜ முதலியார் என்ற உண்மை மனிதரின் வாழ்க்கையும் அந்தப் படத்துக்கு ஒரு மூலம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த வாழ்க்கையை ஹொலிவூட்டிலிருந்து எடுத்திருக்க முடியாது.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் நின்று அழுத்திச் சொல்கிறேன். எடுத்தால் சொல்ல வேண்டும். அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ 1954இல் வந்தது. அதை 1960இல் அமெரிக்கர்கள் குதிரைவீரர் படமாக எடுத்தபோது, ஜப்பானியப் படத்தை அடிப்படையாகக் கொண்டது என்று எழுத்தோட்டத்திலேயே போட்டார்கள். அதே குரோசாவாவின் 1961ஆம் ஆண்டுப் படமான ‘யோஜிம்போ’வைத் தழுவி 1964இல் இத்தாலியில் செர்ஜியோ லியோனே எடுத்தபோது அப்படிச் செய்யவில்லை, வழக்கு எழுந்து, உலக வருவாயில் 15 சதவீதத்தைக் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. அதனால் லியோனேயின் படம் மோசமான படமாகிவிடவில்லை. இன்றைக்கும் அதைப் பாடமாக வைத்துக் கற்பிக்கிறோம். ஆனால் ஒரு கடன் இருந்தது, அதைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. கடன் தீர்ப்பதும் கலை மதிப்பும் இரண்டு வெவ்வேறு ஏடுகள். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று கம்பன் தன்னைச் சொல்லிக்கொண்டு காவியத்தைத் தொடங்கினானே, அந்த வழக்கம் நம் தமிழ்த் திரையுலகில் போதிய அளவு வளரவில்லை என்ற குறை எனக்கு உண்டு. உங்கள் கோபத்தில் பாதி இதைப் பற்றியது என்றால், அதை விட்டுவிடாதீர்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குறும்படப் போட்டிக்குப் படம் அனுப்பினேன். தாயொருத்தி கடற்கரையில் நிற்க, கமரா அவளைச் சுற்றி மெல்லப் போகும். நான் மிகவும் நேசித்த ஒரு வெளிநாட்டுப் படத்திலிருந்து அப்படியே எடுத்த காட்சி. நடுவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் அது களவு என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்திய விதம் எனக்கு இன்றைக்கும் உவப்பில்லை. தொடங்குபவனை அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் கடற்கரை வீதியில் தனியே நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில், அந்தத் தாயைச் சுற்றிக் கமரா ஏன் போக வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை. மூலப்படத்தில் அந்தப் பெண்ணைச் சுற்றி ஊர் முழுவதும் நின்றது. என் படத்தில் டச்சுக்குடாவின் மணலைத் தவிர வேறெதுவும் இல்லை. கமரா சுற்றிக் காட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் எந்தக் காட்சியைப் பார்த்தாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நிறுத்தாமல், வந்த இடத்தில் என்ன செய்கிறது என்றும் கேட்கப் பழகினேன்.

இனி உங்கள் அப்பாவைப் பற்றி. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய வயதுக்காரர்களைத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன். ‘நாயகன்’ 1987 தீபாவளிக்கு இந்தியாவில் வெளியானது. அந்த ஐப்பசியில் திருகோணமலை எப்படி இருந்தது என்பதை அவரிடமே கேளுங்கள். நான் இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்கவில்லை. பின்னொரு நாள், உறவினர் வீட்டு முன் விறாந்தையில், வாடகைக்கு எடுத்த டெக்கில், பதிவின் மேல் பதிவாகி நிறம் மங்கிய கசெற்றில், இருபது பேருக்கு மேல் நெருக்கி இருந்து பார்த்தேன். பொலிஸ்காரர்கள் சிறுவனை ஏமாற்றி விடுதலை செய்து, அவன் பின்னாலேயே போய், அவனுடைய தகப்பனைச் சுட்டுக் கொல்லும் காட்சி வந்தபோது அந்த விறாந்தையில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அங்கிருந்தவர்களில் எவரும் ‘தி கோட்பாதர்’ பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த அம்மா எழுந்து போயிருப்பார். உங்கள் அப்பா ஆண்டுதோறும் திரும்பப் போய்ப் பார்ப்பது, உலகத்தின் மிகச் சிறந்த படத்தைத்தானா, அல்லது அப்படியொரு இரவைத்தானா என்று நான் ஊகிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் பட்டியலை நீட்டியபோது, படத்தோடு சேர்த்து வேறெதையோ அவர் கையிலிருந்து வாங்கப் போகிறீர்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

மனம் எதை முதலில் பார்த்ததோ அதையே மூலம் என்று வைத்துக்கொள்ளும் என்பதையும் யோசியுங்கள். நீங்கள் ‘நாயகன்’ படத்தைச் சிறு வயது முதல் பார்த்தவர். ஆகவே கோட்பாதரைக் கண்டதும், நம்பிய ஒன்று கைவிட்டதுபோல ஏமாந்தீர்கள். ஒன்றுமறியாத ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்காது. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல்தான் வந்திருக்கும். அந்த ஆவல் உங்களிடமும் இருக்கிறது. காட்சி காட்சியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்களே, அக்கறை இல்லாதவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

செய்ய வேண்டியது சின்னக் காரியம். கொப்பி என்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கும்படி நான் சொல்லவில்லை. நீங்கள் கண்டது கண்டதுதான். அப்பாவைக் கூப்பிட்டு ‘தி கோட்பாதர்’ படத்தை அவரோடு இருந்து பாருங்கள். நடுவில் நிறுத்தி எதையும் சுட்டிக் காட்டாதீர்கள். அவருடைய கண்ணுக்கே அது தெரியும், தெரியும் இடத்தில் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ஞானஸ்நானப் பகுதி வரும்போது மட்டும், சத்தத்தைச் சற்றுக் கூட்டி வையுங்கள். மறுநாள் ‘நாயகன்’ படத்தைப் போடுங்கள். கணக்குப் பரீட்சை என்று அந்தப் பெண் சொல்லும் இடத்தில், இம்முறை திரையைப் பாருங்கள். பிறகு திரும்பி அப்பாவின் முகத்தைப் பாருங்கள். படம் முடிந்ததும், எந்தக் காட்சிக்காக இதை ஆண்டுதோறும் பார்க்கிறீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அது உங்கள் பட்டியலில் உள்ள காட்சியா, இல்லாத காட்சியா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.